ஓவர்சியருக்குக் கட்டியாச்சா?

"ஏம்மா... எந்திரி! எந்திரி!"

மழைக்கு ஒதுங்கியவளை இப்படியா விரட்டுவார்கள்? நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியை ஒட்டிய கொட்டகையில், ஏதோ மூட்டைதானே என்று அதன்மேல் உட்கார்ந்திருந்த சந்திரமதி திடுக்கிட்டு எழுந்தாள். எதிரே ஜெட்டி கட்ட வந்திருக்கும் புது ஓவர்சியர், உதயசூரியன்.

"சிமென்ட் மூட்டை அது! ஈரம் பட்டா கல்லாயிடும். அடுத்த கப்பல் எப்ப வருமோ!"

"அச்சா... மூட்டை நனையக் கூடாது, மனுசி நனையலாம். அப்படித்தானே சார்?"

அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இமையில் தொங்கிய மழைத்துளி... கோபத்தில் விரிந்த கண்கள்... அவள் விறுவிறுவென்று மழைக்குள் இறங்கி நடந்தாள். ஏன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் அப்பா திருநாவுக்கரசு பட்டாளத்தில் இருந்தவர். சர்க்கார் இந்தத் தீவில் கொடுத்த நிலத்தில் குடியேறியவர். அவருக்கு ஓவர்சியரைப் பிடித்துப் போயிற்று. ஒருநாள் வாசலோடு போனவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பாடு. தனியா என்னத்த சமைக்கிறீங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து சந்திரமதி எட்டிப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்துவிட்டான்.

"இல்ல சார்... ஐ ஆம் டைடு அப்! ஹேண்ட்ஸ் ஃபுல் சார்!" என்று உளறிவிட்டு ஓடியே போனான்.

அப்பாவின் இங்கிலீஷ் பரேடு மைதானத்தோடு சரி. "என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?"

பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து அவள் கூட்டிப் பார்த்தாள். டை என்றால் கட்டு. டைடு என்றால்... கட்டியாச்சு. ஹேண்ட்ஸ் ஃபுல்... கை நிறைய. எதைக் கை நிறைய? பிள்ளைகளைத்தான்!

"அவருக்கு... ஏற்கெனவே கட்டியாச்சாம்ப்பா."

பக்கத்து வீட்டு மல்லிகாவும் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருவனை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். பிறகு ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு அவனுடைய முதல் மனைவி கப்பலிலிருந்து இறங்கினாள். மல்லிகா இன்றுவரை ஜெட்டிப் பக்கமே போவதில்லை.

அதன்பிறகு உதயசூரியன் நின்றால் சந்தேகம், நடந்தால் சந்தேகம். கப்பல் வந்தால் ஓடுகிறானே... யாரைத் தேடி? முறுக்கு டப்பா வருகிறதே... யார் கைப்பக்குவம்? அறுந்த சட்டைப் பித்தான் மறுநாளே முளைத்துவிடுகிறதே, அது எப்படி? இதையெல்லாம் கேட்க தான் யார் என்பதை மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாலை, தூறலில் அவள் தனியே நடந்து வர, அவன் குடையை நீட்டினான்.

"வேணாம் சார். உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிங்க."

"யாருக்கு?"

"கட்டியாச்சு, கை நிறையப் பிள்ளைங்கன்னு எங்க வாசல்ல நின்னு நீங்கதானே சொன்னீங்க!"

திருதிருவென்று விழித்தவன் குபீரென்று சிரித்துவிட்டான். "ஐயோ! டைடு அப்னா தாலி கட்டினதில்லைங்க. வேலை ஆளைக் கட்டிப் போட்டிருக்குன்னு அர்த்தம். ஹேண்ட்ஸ் ஃபுல்னா கை ஒழியலைன்னு. எங்க எஞ்சினீயர் தினம் சொல்றது!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு நொடிதான்...

"வேலையா? அந்த வாரம் சிமென்ட் தீந்து போய் ஜெட்டி வேலையே நின்னு கிடந்துச்சு. நீங்க கல்லு மேல உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டிருந்ததை நான் பாத்தேன். அப்படி என்ன சார் வேலை?"

அவன் சிரிப்பு அடங்கியது. குடையை மடக்கினான். அவனும் நனைந்தான்.

"பொய்தாங்க... ஒரு மூட்டைக்காக உங்களை மழையில விரட்டினவன், எந்த மூஞ்சியோட வந்து உங்க கையால சாப்பிடுறது? கதவுக்குப் பின்னால உங்க கண்ணு தெரிஞ்சுது... தமிழே மறந்து போச்சு."

நம்பத்தான் ஆசை. உயிரே போகும் அளவுக்கு ஆசை. ஆனால் மல்லிகாவும் இப்படி ஒரு பேச்சைத்தானே நம்பினாள்...

"பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்று நடந்தாள்.

"எங்கம்மாவைக் கப்பலேறி வரச் சொல்றேங்க! அவங்களையே கேளுங்க!" அவன் குரல் பின்னாலேயே வந்தது.

தூறலோடு அந்தக் கப்பலும் வந்தது. சந்திரமதி ஜெட்டியில் நின்று, இறங்கிய பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள்... அந்தப் பெண் நேரே போய், தீவில் குடியேறிய ஒரு பஞ்சாபிக்காரர் பக்கத்தில் நின்றாள். அதன்பிறகுதான் முறுக்கு டப்பாவை அணைத்தபடி ஒரு வயதான அம்மாள் தள்ளாடி இறங்கினாள்.

"நீதானா அந்த சிமென்ட் மூட்டைப் பொண்ணு? உன்னைப் பத்தி எழுதி எழுதியே என் உசிரை வாங்கிட்டான்!" அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவனுக்கு ஒருத்தியைக் கட்டி வைக்க நாயா அலைஞ்சேம்மா. பிடி கொடுத்தாத்தானே!"

அம்மாளுக்குப் பின்னால் கப்பலிலிருந்து வேறு யாரும் இறங்கவில்லை.

உதயசூரியன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இப்பவாவது நம்புறீங்களா?"

"இல்லை."

அவன் முகம் தொங்கிப் போயிற்று. மழைத்துளியா, கண்ணீரா... இமையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"ஆயுசு பூரா பக்கத்துலயே இருந்து பாத்தாத்தான் நம்புவேன்..."