பசளைக் குவியலில் பாரைத் தலைகள்

காலை ஆறே முக்காலுக்கு, பசளைக் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்த இரத்தினம்மாவின் மண்வெட்டியில் ஒரு மனிதக் கை மாட்டியது. அவள் போட்ட கூச்சல் வெங்காயத் தோட்டங்களைத் தாண்டிக் கேட்டது.

சப் இன்ஸ்பெக்டர் யோசப்பின் வந்து இறங்கியபோது குப்பையை உரமாக்கும் பிரதேச சபையின் பசளைக் கொட்டகை வாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் ஒருவன் மண்ணில் சுருண்டு கிடந்தான். நாலைந்து பேர் அவனை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனின் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

கொன்ஸ்டபிள் பிரகலாதன் பொல்லுத் தடியைச் சுழற்றி உள்ளே புகுந்தான். உதைத்தவர்கள் விலகினார்கள்.

"ஆர் உவன்?" என்று கேட்டாள் யோசப்பின்.

"ஜெறோம், மிஸ். கரைப்பக்கத்துக் குப்பை ட்ரக்டர் ஓட்டுறவன். எங்கடை சுப்பவைசர் சுபாங்கனை அடிச்சுக் கொன்று தாட்டுப்போட்டான்."

"கண்டனியளோ?"

"மீன் கிடந்ததாம். பிரேதத்துக்கு மேலை மீன்!" என்றான் போத்தல்காரன்.

அந்தக் கொட்டகைக்கு இரண்டு ட்ரக்டர்கள் குப்பை கொண்டு வந்தன. ஒன்று தோட்டத்துக் கிராமங்களிலிருந்து. அதை ஓட்டுபவன் கோபிசங்கர். மற்றது கரையோர மீனவ ஊர்களிலிருந்து, அது ஜெறோமுடையது. சமையல் கழிவைப் பச்சைப் பையிலும் பொலித்தீனை வேறு பையிலும் வீடுகளே பிரித்துக் கொடுக்கும். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது; கொடி இறங்கும்வரை ஊரில் மச்சம் இல்லை. தோட்டத்துச் சட்டி பானையெல்லாம் சைவம். குவியலில் மீன் இருந்தால் அது கரையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஊரின் கணக்கு இவ்வளவுதான்.

"வேதக்காரன் எண்டு மூடப் பாக்காதேங்கோ, மிஸ். நீங்களும் குருநகராமே?" என்றது ஒரு குரல்.

குருநகரும் கரையோரக் கிறிஸ்தவ ஊர்தான். யோசப்பின் ஜெறோமை ஜீப்புக்குள் ஏற்றச் சொன்னாள். அவனுடைய ஒரு கண் முழுதாக மூடிப்போயிருந்தது. உடைந்த வாயால் ஏதோ சொல்ல வந்தான். இரத்தம்தான் வந்தது.

குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சுபாங்கன் குப்புறக் கிடந்தான். பின்மண்டை தேங்காய்போலப் பிளந்திருந்தது. பிளவுக்குள் வாழைப்பழத்தோலும் தேயிலைச் சக்கையும் ஏறியிருந்தன. முதுகின்மேல் மூன்று மீன் தலைகள். பாரை மீன், ஒவ்வொன்றும் ஒரு பிடி அகலம். யோசப்பின் தடியால் சுற்றிலும் கிளறினாள். செதில் இல்லை. குடல் இல்லை. தலைகள் மட்டும்.

இறந்தவனின் பொத்திய கையைப் பிரகலாதன் விரித்தான். உள்ளே ஊசியின் நீல மூடி ஒன்று.

"ஜெறோமின்ரை ட்ரக்டர்ப் பெட்டிக்குள்ள இரும்பு அலவாங்கு கிடக்கு, மிஸ். தலைமயிர் ஒட்டியிருக்கு," என்றான்.

"இரவிலை ட்ரக்டர் எல்லாம் எங்கை நிக்கிறது?"

"ரெண்டும் உந்தக் கொட்டிலுக்குள்ளதான். பூட்டில்லை."

கொட்டிலின் சுவரோரம் இரண்டு நாய்கள் வயிறு வீங்கிக் கிடந்தன. பிரேத நாற்றத்துக்கும் எழும்பவில்லை. பக்கத்தில் மீனின் தடித்த நடுமுள்ளுகள், சுத்தமாக நக்கப்பட்டவை. யோசப்பின் குனிந்து அவற்றைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

இரத்தினம்மாவின் சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது.

"என்ன நடந்தது, அம்மா?"

"ஊசி குத்திப்போட்டுது. சமையல் கழிவுக்குள்ள ஆஸ்பத்திரி ஊசி. ரெண்டு ட்ரக்டரும் ஒரே நிலத்திலை கொட்டுறதாலை எதிலை வந்ததெண்டு தெரியேல்லை. சுபாங்கன் தம்பிக்கு விசர் பிடிச்ச கோவம். ஆளைப் பிடிச்சுப் பொலிசிலை குடுப்பன் எண்டு நேற்றுப் பின்னேரமும் சொன்னவர்."

"ஆருக்கு முன்னாலை?"

"ஜெறோமும் நிண்டவன். கோபியும் நிண்டவன்."

கோபிசங்கர் வேப்பமரத்தடியில் நின்றான். நெற்றியில் புதிய திருநீறு.

"பிரேதத்தைப் பாத்தனீரோ?"

"கிட்டப் போகேல்லை, மிஸ். நான் பிறவிச் சைவம். மீன் மணமே எனக்கு ஆகாது."

"சரி, வாசலுக்கு வாரும். சனத்துக்கு முன்னாலை ஒரு கேள்வி இருக்கு."

வாசலில் கூட்டம் ஜீப்பை நெருங்கியிருந்தது. யோசப்பின் ஜீப்பின் படியில் ஏறி நின்றாள்.

"கோபிசங்கர், மீன் வெட்டினால் எதைக் குப்பைக்குப் போடுவினம்?"

அவன் யோசிக்கவேயில்லை. "தலையை, மிஸ். பிறகு வாலை. உதையெல்லாம் ஆர் தின்னுவினம்?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ன தலை கிடந்தது, மிஸ்?" என்று கேட்டான் போத்தல்காரன்.

"பாரைத் தலை. மூண்டு."

"பாரைத் தலையை ஆரடா எறிவான்? கொடி இறங்கினால் அதுக்குச் சந்தையிலை அடிபிடியல்லோ!"

"அதைத்தான் நானும் நினைச்சனான்," என்றாள் யோசப்பின். "மீன் எண்டு கேள்விப்பட்டியள். மீனிலை எது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கடை வீடுகளிலை குப்பைக்குப் போறது செதிலும் குடலும். சந்தையிலை கேட்டால் அதைச் சும்மா அள்ளித் தருவினம். ஜெறோமிலை பழி போடப் பாத்தவர் முழு மீன் வாங்கினார். தலையைக் கழிவெண்டு நினைச்சுப் பிரேதத்துக்கு மேலை போட்டார். நல்ல சதையை நாயளுக்கு எறிஞ்சார். கரையிலை பிறந்தவன் இப்பிடித் தலைகீழாய்ச் செய்வானே? மீன்கடைப் பக்கமே போகாத ஒருத்தருக்குத்தான் உது தெரியாது."

அவள் திரும்பினாள். "கோபிசங்கரின்ரை ட்ரக்டர் இருக்கையைக் கிளப்பு, பிரகலாதன்."

கொன்ஸ்டபிள் கிளப்பினான். கீழே ஒரு பச்சைப் பை. அதை வெளியே இழுத்தபோது அடி கிழிந்து ஊசிகள் கொட்டின. சிலவற்றில் இரத்தம் உறைந்திருந்தது. ஏதோ தனியார் கிளினிக்கின் கழிவு. எரிக்க வேண்டியது, கோபிசங்கர் வாங்கிய காசுக்குச் சமையல் கழிவோடு கலந்து பசளையாகித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கோபிசங்கர் பக்கத்தில் நின்ற இரத்தினம்மாவின் மண்வெட்டியைப் பறித்துச் சுழற்றினான். அது பிரகலாதனின் தோளைக் கிழித்தது. இரண்டாம் வீச்சு யோசப்பினின் கழுத்துக்கு வந்தது. அவள் குனிந்து, பொல்லால் அவனுடைய மணிக்கட்டில் போட்டாள். காய்ந்த ஈர்க்கு முறிவதுபோலக் கேட்டது. அவன் விழுந்தான். கையூன்றிய இடம் ஊசிக் குவியல். அந்த அலறலுக்கு நாய்கள்கூட எழும்பின.

"சுபாங்கன் விடேல்லை... பொலிசுக்குப் போவன் எண்டு நிண்டவன்..." என்று முனகினான். யோசப்பின் விலங்கைப் பூட்டினாள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. போத்தல்காரன் போத்தலை வேலிக்குள் எறிந்துவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஜீப்புக்குள் நீட்டினான்.

"குடி, தம்பி."

ஜெறோம் வாங்கவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் யோசப்பினைப் பார்த்தான்.

"கையைக் கண்டு இரத்தினம்மா கத்தினவுடனை ஓடிப்போய்ப் பாத்தனான், மிஸ். பாரைத் தலை. இது கரைக்காரன்ரை வேலையில்லை எண்டு பாத்தவுடனை விளங்கிட்டுது. சொல்லத்தான் வாயைத் திறந்தனான்."

அவன் கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் இரண்டு பற்கள் இருந்தன.