ஏழால் பெருக்கிய நாள்

மைக்கேல்சாமி கஞ்சியைத் தொடவில்லை. நேற்றிலிருந்தே அப்படித்தான், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான். ஆத்தா களையெடுக்கப் போயிருந்தாள். கெஞ்சிக் கெஞ்சி அக்கா அமலராணிக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அவர்களின் அப்பா சந்தனராஜ் மலாயாவுக்குப் பிழைக்கப் போய் ஏழு வருடம் ஆகிறது. அங்கே ஜப்பான்காரன் சண்டை வந்தபின் கடுதாசியும் நின்றுபோனது. அவர்கள் ஊரான ஆவூரில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் போனபோது மைக்கேல் கைக்குழந்தை, அப்பா முகம்கூட நினைவில்லை. பாவம், அவனுக்கு அப்பா என்றால் மலாயா ரப்பர் தோட்டத்தில் அவருக்குக் கொடுத்த நம்பர்தான்: 142857.

போன கிறிஸ்துமசுக்கு அவன் அழுதபோது அமலராணி அந்த நம்பரில் ஒரு வேடிக்கை காட்டினாள். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள்தாம், இடம் மட்டும் மாறும்.

"பாத்தியா? எத்தனை வருசம் போனாலும் அப்பா தொலையல. சுத்திக்கிட்டுத்தான் இருக்காரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

இந்த வருடம் பயல் தானே பெருக்கிப் பார்த்துவிட்டான், ஏழால்!

சிலேட்டில் ௯௯௯௯௯௯ என்று வந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் எண்களில்தான் கணக்குப் போடுவார்கள். தமிழ் ஒன்பது பார்ப்பதற்கு 'கூ' மாதிரியே இருக்கும்.

"கூகூன்னு ஆந்தை கத்துதுக்கா" என்றான் மைக்கேல். "ஆந்தை கத்துனா சாவு விழும்னு எங்கூடப் படிக்கிற பிச்சை சொன்னான். அப்பா நம்பர் ஒண்ணுகூட இல்ல. அப்பா செத்துப்போயிட்டாரு."

அமலராணிக்குப் பகீரென்றது. அவள் விட்ட கதை தம்பியை இப்படிப் போட்டு வாட்டுகிறதே!

"அடப் பைத்தியமே, அது வெறும் ஒன்பதுடா!"

அவன் திரும்பவில்லை. அவளுக்கும் அழுகை முட்டியது. வேறு வழி தெரியாமல் சிலேட்டைத் துடைத்து எட்டால் பெருக்கினாள். 1142856.

மைக்கேல் ஓரக்கண்ணால் பார்த்தான். "ஏழக் காணோம். ஒண்ணு ரெண்டு வாட்டி வந்திருக்கு" என்று மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அமலராணி உற்றுப் பார்த்தாள். முன்னால் ஒரு ஒன்று கூடுதல். கடைசியில் ஏழுக்குப் பதில் ஆறு, ஒன்று குறைவு.

"டேய், எந்திரி! மொத ஒண்ணு வாசல்ல தனியா நிக்குது பாரு. அதக் கடைசி ஆறோட கூட்டு."

"கூட்டிக்கிட்டு வரணுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாடா, உள்ள கூட்டிக்கிட்டு வா."

அவன் எழுந்து, முதல் ஒன்றை எச்சில் தொட்டு அழித்தான். ஆறை ஏழாக்கினான். 142857!

"நெசமா வந்துருவாராக்கா?"

போன வருடம் மாதிரி கதைவிட அவளுக்கு மனம் வரவில்லை. "தெரியலடா. எனக்குக் கணக்குத்தான் தெரியும். ஆனா செத்துட்டாருன்னு இந்த நம்பர் சொல்லல."

மைக்கேல் யோசித்தான். "எலும்பும் தோலுமா நின்னா, இது யாரு பெத்த புள்ளைன்னு கேப்பாரு" என்று கஞ்சிக் கலயத்தை இழுத்தான்.

கஞ்சி ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"உப்பு பத்தல."

அமலராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பெடுக்க ஓடினாள்.