ஏரியல் மாட்டிய மத்தியானம்

நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குள் செங்கோடன் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. வேலை ஒன்றும் பெரிதில்லை. கேபின் கூரையில் துளை போட்டு, ரேடியோவுக்கு நிரந்தரமாக ஒரு ஏரியல் மாட்டவேண்டும். அதுவரை பக்கக் கண்ணாடியில் சுற்றிவிட்ட செம்புக் கம்பிதான் ஏரியல். கொரகொரவென்று இழுக்கும். பாட்டு புரியவேண்டுமானால் முழுச் சத்தமும் வைக்கவேண்டும்.

ஏரியல் வேண்டும் என்று முதலாளி சென்னிமலையை மாதக்கணக்கில் நச்சரித்தவன் செங்கோடனேதான். இப்போது அதை நினைத்தாலே உடம்பு கூசியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

"காத்தான் போனதுலருந்து உம் மொகமே செரியில்ல செங்கோடா. ரேடியோ நல்லாப் பாடுனா மனசு கொஞ்சந் தேறும், போ" என்று சொல்லி அனுப்பியிருந்தார் முதலாளி. அந்தக் கரிசனத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

காத்தான் அந்த வண்டியின் கிளீனர். கெங்கவல்லிக்காரன். வண்டி பின்னால் வரும்போது கிளீனர் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம் என்று அர்த்தம். ஒரே தட்டு என்றால் நிறுத்தவேண்டும். எல்லா லாரியிலும் இதுதான் வழக்கம். இரண்டு மாதத்துக்கு முன், அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் செங்கோடன் வண்டியைப் பின்னால் எடுத்தான். ரேடியோ முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு கேட்கத்தான் செய்தது. பாட்டில் வரும் தவில் என்று நினைத்துக்கொண்டான்.

பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது.

விசாரித்தவர்களிடமெல்லாம், காத்தான் தண்ணியைப் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துவிட்டான், தட்டவே இல்லை என்று சொன்னான் செங்கோடன். காத்தானோ சாராயத்தைக் கையால் தொடாதவன். குடித்துவிட்டுச் செத்தவனுக்கு நாங்கள் எதற்கு வரவேண்டும் என்று பங்காளிகள் கருமாதிக்கே வரவில்லையாம். பெண்டாட்டி சின்னாயி ஒண்டியாக நின்று எல்லாம் செய்தாளாம். அது காதுக்கு வந்த பிறகும் செங்கோடன் வாயைத் திறக்கவில்லை. மனிதன் இவ்வளவு கேவலமாகவும் இருக்கமுடியும்.

எலெக்ட்ரீசியன் வீரபாகு கூரைமேல் ஏறித் துளை போட்டான். உள்ளே ரெக்சினைக் கழற்றித் தொங்கவிட்டாயிற்று. துளையைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி வெறுந்தகரம் தெரிந்தால்தான் எர்த் பிடிக்கும் என்று சொல்லி, சுரண்டுகிற வேலையைச் செங்கோடனிடம் கொடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க ரப்பர் வாஷர் எடுத்துவரப் போனான்.

செங்கோடன் கேபினுக்குள் தனியாக அண்ணாந்து நின்று சுரண்டினான். துளை வழியாக ஒரு கீற்று வெயில் அவன் முகத்தில் விழுந்தது.

வெயில் மறைந்தது.

கூரைத் தகரம் மெல்ல அமுங்கியது. யாரோ அதன்மேல் குந்துவதுபோல.

புளித்த கிழங்கு மாவின் வாடை துளை வழியாக இறங்கியது. ஜவ்வரிசி ஆலையின் வாடை.

பிறகு, அவன் உச்சந்தலைக்கு நேர் மேலே, ஒரே ஒரு தட்டு.

"வீரபாகு?"

கண்ணாடி வழியாகப் பார்த்தான். பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து வாஷரோடு வீரபாகு அப்போதுதான் நடந்து வந்துகொண்டிருந்தான். மறுபடியும் முகத்தில் வெயில் விழுந்தது.

"மேல ஏறுனியா?"

"இப்பத்தானுங்க வாரேன்" என்றான் வீரபாகு. செங்கோடனின் முகத்தைப் பார்த்து, வெயில் தலைக்கேறிவிட்டது, போய் மோர் குடியுங்கள் என்றான்.

ஏரியல் ஏறியது. நட்டை முடுக்கி, ஒயரை மூலைத்தூண் வழியாக இறக்கிச் செருகியதும் ரேடியோ பிசிறில்லாமல் பாடியது. என்ஜின் ஓடும்போது இரைச்சல் வருகிறதா என்று வண்டியை வெளியே எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வீரபாகு டீக்கடைக்குப் போய்விட்டான்.

செங்கோடன் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் கியர் போட்டான். காத்தானுக்குப் பிறகு வேறு கிளீனர் யாரையும் போடவில்லை. இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்திருக்கவேண்டும். அந்த வண்டிக்குப் பின்னால் தனியாகப் போக அவனுக்குப் பயம். இன்னொரு தட்டு காதில் விழுந்துவிடக்கூடாது என்று ரேடியோவை முழுச் சத்தத்துக்குத் திருப்பினான். வண்டி நகர்ந்தது.

கூரையில் தட்டு விழுந்தது.

பாட்டையும் என்ஜினையும் மீறி விழுந்த தட்டு. ஏரியலே அதிர்ந்தது. இந்த முறை தவில் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பிரேக்கை முழுசாக மிதித்தான்.

கூரைமேல் யாரும் இல்லை. இறங்கிப் பின்னால் ஓடினான். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, லாரி நிழலில், துணிமூட்டையை அணைத்தபடி சின்னாயி தூக்கம் கலைந்து எழுந்துகொண்டிருந்தாள். காத்தானின் கம்பளியும் பெட்டியும் வண்டியில் இருக்கிறது, பட்டறைக்கு வந்து வாங்கிக்கொள் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தாராம். கேபினுக்குள் வேலை நடக்கிறதே என்று காத்திருந்தவள், பஸ்ஸில் வந்த களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாள்.

"புது கிளீனர் நல்ல உஷாரு அண்ணே" என்றாள். "எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கு இப்பிடி ஒரு தட்டு தட்டியிருக்கலாம்."

செங்கோடனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"புது கிளீனர் யாருமில்ல அம்மிணி. காத்தான் அன்னைக்குக் குடிக்கல. தட்டுனான். எங்காதுல உளுந்துச்சு. பாட்டுன்னு நெனச்சுட்டேன். அப்பறம் பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். லாரியின் பக்கத்தில் போய்ப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள்.

"கேட்டீங்களா? வாங்க, ஊருக்குப் போலாம்" என்றாள் மெதுவாக, புருஷனிடம் பேசுவதுபோல.

நெடுநேரம் தலை சாய்த்து நின்றாள். எதையோ கேட்டுக்கொள்வதுபோல இருந்தது.

"எங்கூட வரமாட்டாராம். பங்காளிங்க எல்லாரையும் கூட்டி வெச்சு நீங்க இதைச் சொல்லணுமாம்."

அந்த ஊரில், அத்தனை பேர் நடுவில், இந்த வாயால். "இந்த லோடு முடியட்டும் அம்மிணி. அடுத்த வாரம் நானே ஊட்டுக்கு..." என்று இழுத்தான்.

கேபினின் இடப்பக்கக் கதவு திறந்தது.

கிளீனர் சீட்டின் ஸ்பிரிங் அமுங்கியது. வண்டி அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தது. பிறகு கதவு உள்ளிருந்து இழுத்துச் சாத்தப்பட்டது, நெடும்பயணத்துக்குச் சாத்துவதுபோல நிதானமாக.

சின்னாயி அவன் பக்கத்தில், தரையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.