பதினேழாவது அலியாஸ்

ஜெகன் அடித்தது பதினாறு வரிகள். திரையில் பதினேழு இருந்தன.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், மத்தியானப் புழுக்கத்தில், சர்வர் பெட்டியின் விசிறி விடாமல் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய ஒயர் வாடை அவன் தொண்டைவரை இறங்கியிருந்தது. ஒருவருக்கு வரும் மெயிலை இன்னொருவருக்குத் திருப்பிவிட அலியாஸ் போடுவதுதான் அவனுக்கு இங்கே வேலை. வண்டிப்பெரியாரில் அவன் அப்பா ஈஸ்வரன் கிளார்க்காக இருந்த தேயிலை ஃபேக்டரியின் மெயிலும் இந்தப் பெட்டிக்குள்தான்.

பதினாறாவது வரியை யாரும் போடச் சொல்லவில்லை. அப்பா இறந்து இரண்டு மாதம். அவர் இடத்தில் மகன் ஏறாவிட்டால் அம்மா எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். திரும்ப மலையேற ஜெகனுக்கு மனமில்லை. கொச்சி ஹெட் ஆபீசுக்கோ ஆளைத் தெரியாது, மெயில் மட்டும்தான் தெரியும். நேற்று ராத்திரி, அப்பாவுக்கு வருவது தனக்கு வரும்படி ஒரு அலியாஸ் போட்டு, அவர் முகவரியிலிருந்தே ஹெட் ஆபீசுக்கு எழுதினான்: மகன் ஜெகன் டூட்டிக்கு வந்தாச்சு.

பதினேழாவது வரி அதற்கு நேர் எதிராக இருந்தது. ஜெகனுக்கு வருவதெல்லாம் ஈஸ்வரனுக்கு.

அழித்தான். மறுபடி திறந்தான். இருந்தது.

காலையிலிருந்து அவனுக்கு ஒரு மெயிலும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவைக் கூப்பிட்டு, போனை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தான். மலையில் மழை. தகரக் கூரையில் சடசடவென்று.

"யாருப்பா பேசுறது?"

"ஜெகன்மா."

"வெளாடாதீங்க தம்பி. எம்மவன் இந்தா உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருக்கான். அவுகப்பா சட்டையப் போட்டுக்கிட்டு விடியவே ஃபேக்டரிக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தான். இனி வீட்ட யாரும் கேக்க மாட்டாகளாம்."

மழைக்கு நடுவே தட்டில் விரல் உரசும் சத்தம். மெல்லும் சத்தம். நிதானமாக.

ஜெகனுக்குள் எதுவும் பதறவில்லை. வீடு தப்பித்தது என்று மட்டும் நினைத்தான். விரல்கள் மரத்திருந்தன.

பக்கத்து மேசை சதீஷ் எழுந்தார். "ஏப்பா ஜெகா, சாப்பிட வர்றயா?"

ஜெகன் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

போனுக்குள் மெல்லுவது நின்றது.

"நா சாப்பிட்டேண்ணே." அவன் குரல். மழைக்குள்ளிருந்து.

"அப்பச் செரி" என்று போனைப் பார்த்துச் சொன்ன சதீஷ், ஜெகன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தன் பையை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

பை இருக்கையில் தட்டையாகப் படிந்தது.