கேபிளின் அந்தப் பக்கம்

நெட்வொர்க் சுவிட்ச்சில் ஏழாவது விளக்கு அணைந்தது. வேணி வாயைத் திறந்து திட்டுவதற்குள் மறுபடி எரிந்தது. ஒரு மாதமாக இதே கண்ணாமூச்சிதான். கல்லூரியின் மெயின் பிளாக்கிலிருந்து பழைய பிளாக்குக்கு வரும் கேபிள் அது. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டாயிற்று, சுவிட்ச்சை மாற்றியாயிற்று, எலி மருந்தும் வைத்தாயிற்று. எலி செத்தது, கோளாறு சாகவில்லை. திங்கட்கிழமை பழைய பிளாக் லேபில் ஆன்லைன் தேர்வு. நடுவில் நெட் போனால் நெட்வொர்க் பார்க்கும் வேணியின் வேலையும் போகும் என்று பிரின்ஸிபால் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்கிற ஆள்.

அதனால்தான் ஆயுத பூஜை அன்று, ஊரே பொரிகடலை கொறித்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஜன்னல் இல்லாத அறையில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குகள் தெளிவாகத் தெரியட்டும் என்று இரும்புக் கதவைச் சாத்தியிருந்தாள். சுண்ணாம்புப் புழுதி மூக்கில் ஏறியது. பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு விடுமுறை. தினமும் தரையை உலுக்கும் வெடிச் சத்தம் இன்று இல்லாததால், சுவிட்ச்சின் விசிறி சுற்றுவதுகூடப் பெரிதாகக் கேட்டது. வெளியே வாட்ச்மேன் தங்கராசு ஒவ்வொரு கதவாகச் சூடம் காட்டிக்கொண்டு வந்தார். மணி அடித்தது, இரும்பில் இரும்பு உரசியது, கதவிடுக்கு வழியாகச் சூடத்தின் வாசனை வந்தது. பிறகு அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

தங்கராசு பூஜையில் ஒன்றையும் விடமாட்டார். பழைய பிளாக்குக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் மாயவனின் சைக்கிளுக்குக்கூட வருஷா வருஷம் பொட்டு வைப்பார். இந்தக் கேபிள் போட்ட காலத்தில் எலக்ட்ரீஷியன் சாமிதுரையுடன் வேலை பார்த்தவன் மாயவன். தரைக்கு அடியில், ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு அப்போது ஒரு கால்வாய் இருந்தது. அதை மூடிய வாரத்தில் அவன் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சைக்கிளை விட்டுவிட்டு யார் திருப்பூருக்குப் போவார்கள் என்று வேணி ஒருமுறை கேட்டபோது சாமிதுரை பேச்சை மாற்றிவிட்டார். இப்போது அறையின் மூலையில், கான்கிரீட்டுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் ஓட்டை இருக்கிறது. கேபிள் அதற்குள்தான் இறங்குகிறது.

இன்றைக்குச் சாமிதுரை மெயின் பிளாக் சர்வர் ரூமில் மறுமுனையைப் பார்ப்பதாக ஏற்பாடு. பழைய பிளாக்கில் டவர் எடுக்காது. இந்த லைனில் ஓடும் வைஃபை இருந்தால்தான் போன் பேசலாம். லைன் போய்விட்டால் கேபிள்தான் பேசும். கால்வாய்க்குள் ஆள் தவழ்ந்த காலத்துப் பாஷை அது, சாமிதுரைதான் அவளுக்குப் பழக்கியிருந்தார். கேபிளை ஒருமுறை சுண்டினால், "இருக்கேன், இழுக்குறேன்." இரண்டுமுறை என்றால், "நிறுத்து." மூன்றுமுறை என்றால், "மாட்டிக்கிட்டேன்." மூன்று வந்தால் இந்தப் பக்கத்து ஆள் கட்டாயம் ஒன்று கொடுத்தாக வேண்டும்.

விளக்கு அணைந்தது. தொங்கிக்கொண்டிருந்த கேபிள் விறைத்தது. வேணி அதைப் பிடித்தாள்.

மூன்று சுண்டு.

"வந்துட்டாரு மனுசன்" என்று சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில் அவள் ஒன்று கொடுத்தாள். கேபிள் தளர்ந்தது, விளக்கு எரிந்தது, அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, எங்க மாட்டிக்கிச்சு?"

"என்னம்மா மாட்டிக்கிச்சு? நான் இன்னும் ரெட்டிபாளையத்துல வூட்லதான் இருக்கேன். பைக்குக்குப் பொட்டு வச்சிட்டுக் கிளம்பலாம்னு..."

"அப்ப சர்வர் ரூம்ல யாரு? கேபிள மூணு தடவ சுண்டினாங்களே."

அந்தப் பக்கம் குழந்தைகள் பூசணிக்காயைச் சுற்றிக் கத்துவது மட்டும் கேட்டது.

"நீ பதில் குடுத்தியா?" சாமிதுரையின் குரல் சுருங்கிப் போயிருந்தது.

"ஒண்ணு குடுத்தேன்."

"அத வுட்டுட்டு வெளிய வந்துரும்மா. மொதல்ல வெளிய வா."

கேபிள் வெடுக்கென்று சுவிட்ச்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது. போன் செத்தது. வேணி பாய்ந்து போய்க் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. அப்போதுதான் அந்த இரும்புச் சத்தம் என்னவென்று உறைத்தது. தங்கராசு பூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டியிருக்கிறார். பூஜை போட்ட பூட்டை அவர் இடையில் திறக்கவே மாட்டார். மறுபடி திறப்பது திங்கட்கிழமைதான்.

அவள் உள்ளங்கை கன்றிப் போகும் வரை கதவைத் தட்டினாள், பேர் சொல்லிக் கத்தினாள். பதிலுக்குக் கட்டடத்தின் மறுகோடியில் தங்கராசு கரண்ட் மெயினை இறக்கும் சத்தம்தான் வந்தது. டியூப்லைட் அணைந்தது. யூபிஎஸ் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சாவிக்கொத்தோடு தங்கராசு அரும்பாவூருக்குப் பஸ் ஏறப் போகிறார். வேணியின் வீட்டில் அவள் ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவோ நாளைக்குத்தான் எதிர்பார்ப்பாள். தங்கராசு பஸ் ஏறுவதற்குள் சாமிதுரையிடம் சொல்லியாக வேண்டும், அதற்கு லைன் வேண்டும்.

கேபிளின் முனை ஓட்டையின் விளிம்பில் கிடந்தது. சுவிட்ச்சுக்கு எட்டாது. எட்ட வேண்டுமானால் இழுக்க வேண்டும்.

அவளுக்குப் பயத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே இழுத்தாள்.

சுலபமாக வந்தது. இவ்வளவு சுலபமாக வரக்கூடாது. இரு கை விரித்த நீளத்துக்கு ஒரு பாகம், இரண்டு பாகம். கைக்கு ஈரமாக, வெள்ளைப் புழுதி அப்பி, வந்துகொண்டே இருந்தது. பிறகு கனத்தது, கிணற்றில் வாளி நிரம்பினால் கனப்பதுபோல. அவள் முனையைச் சுவிட்ச்சில் செருகினாள். விளக்கு எரிந்தது. சாமிதுரையின் போனுக்கு மணி போயிற்று.

"அண்ணே! கதவு பூட்டிக்கிச்சு. தங்கராசு அண்ணன்கிட்ட சாவி..."

"என்னம்மா? கேக்கல. வுட்டு வுட்டு வருது."

"சாவிண்ணே! பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுங்க!"

"லைன் எப்புடி வந்துச்சு? கேபிள இழுத்தியா? எவ்வளவு இழுத்த?"

வேணி குனிந்து பார்த்தாள். அவள் முழங்காலைச் சுற்றிக் கேபிள் சுருள் சுருளாகக் கிடந்தது.

"அந்தப் பக்கம் அவ்வளவு கேபிளே கெடையாதும்மா..."

குரல் அறுந்தது. போனில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழாவது விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

கேபிள் அவள் கையில் விறைத்தது. அவள் இரண்டு சுண்டினாள். நிறுத்து. மறுபடியும் இரண்டு. நிறுத்து, நிறுத்து.

யூபிஎஸ் கத்துவதை நிறுத்தியது. சுவிட்ச்சில் மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏழாவது மட்டும் பச்சையாக, அசையாமல் எரிந்தது. புழுதி உதிரும் சத்தம். நகம் கான்கிரீட்டில் பிராண்டும் சத்தம்.

ஓட்டையின் விளிம்பில் நான்கு விரல்கள். சுண்ணாம்பாய் வெளுத்தவை. விளிம்பைத் தடவின. மெதுவாக. கேபிளைத் தேடிப் பிடித்தன.

ஒருமுறை சுண்டின.