கம்பளத்து வாசப்படி

கடலூர்க் கடையில் வெண்மதி எண்ணிப் பார்த்தபோது கம்பளத்தில் ஏழு கரைதான் இருந்தது. சிதம்பரத்தில், வீட்டுக் கூடத்தில் விரித்ததும் எட்டு. ஒரு கரைக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே போய், நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். கடையில் வெளிச்சம் கம்மி, அவசரத்தில் தப்பாக எண்ணியிருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் அலைந்த அலைச்சல் அப்படி! ஒன்பது வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை சேரன். இப்போதுதான் தவழ்கிறான். போன வாரம் டைல்ஸ் தரையில் முட்டி நெற்றி புடைத்துவிட்டது, அவளுக்கு உயிரே போய் வந்தது. பூப்போட்ட கம்பளத்தைக் கணவன் இளவரசு வேண்டாம் என்றான். மயில் போட்டதை அவள் வேண்டாம் என்றாள். கடைசியில் சேரனே இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, இதன் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"சாரே செலக்ட் பண்ணிட்டாரு, அப்பறம் இன்னா யோசன?" என்று கடைக்காரர் சுருட்டிக் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை சேரன் தவழ்ந்து வந்து, கம்பளத்தின் முதல் கரையில் நின்றான். தட்டையான நூல்தான். ஆனால் உயரமான படியைத் தாண்டுகிறவன் போல முழங்காலைத் தூக்கி வைத்து அந்தப்பக்கம் இறங்கினான்.

"வெண்மதி, இங்க பாரு! உம் புள்ள வாசப்படி தாண்டிட்டான். கொழுக்கட்ட போடு!" என்று கைதட்டினான் இளவரசு.

பிள்ளை முதன்முதலில் படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துப் படிமேல் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். சேரன் நிலைவாசலை இன்னும் தாண்டவில்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே எட்டுக் கரைக்கும் ஒன்று ஒன்றாக எட்டுக் கொழுக்கட்டை வைத்தாள். விளையாட்டுக்குத்தான் வைத்தாள், பாவி!

இளவரசு வேலைக்குப் போனான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு கரண்டும் போயிற்று. சன்னல் தகரத்தில் மழை தடதடவென்று அடிக்க, சேரனைக் கூடத்தில் விட்டுவிட்டு அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தவளுக்கு, அவித்த மாவின் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. டம்ளரை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

கம்பளத்தில் ஒரு கொழுக்கட்டைகூட இல்லை. துணுக்கும் இல்லை. சேரனுக்கு இருப்பதோ இரண்டே பல்.

அவன் மூன்றாவது கரையில் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலைத் தூக்கி, தாண்டினான். ஏதோ சரியில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். பிள்ளை சின்னதாக இருந்தான். பூனைக்குட்டி அளவுக்கு.

"சேரா! அம்மாகிட்ட வாடா தங்கம்!"

திரும்பிப் பார்த்தான். சிரித்தான். அவள் துரத்துகிறாள், விளையாட்டு என்று நினைத்துவிட்டான். வேகமாக அடுத்ததைத் தாண்டினான். இப்போது உள்ளங்கை அளவு.

பாய்ந்து கையை நீட்டினாள். விரலுக்கு நூல்தான் தட்டுப்பட்டது. அவன் அங்கே இருந்தான், கண்ணுக்குத் தெரிந்தான், ஆனால் கைக்கு இல்லை. காலை எடுத்து உள்ளே வைத்தாள். வீல் என்று அலறல். அவன் குரல். அவள் பாதத்துக்கு அடியிலிருந்து.

காலைப் பிடுங்கிக்கொண்டாள். மிதித்தால் நசுங்குவான். சுருட்டினால் மூச்சு முட்டும். வெட்டினால்... ஐயோ, எதை வெட்டுவது?

ஆறாவது கரை. கட்டைவிரல் அளவு.

அவனுக்கும் இப்போது பயம் பிடித்துவிட்டது. அழுதான். வெளியே வரத்தான் பார்த்தான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பித் தவழ்ந்தாலும் அடுத்த படி உள்ளே போகிற படியாகவே இருந்தது.

ஏழு.

கதவு திறந்தது. மழையில் சொட்டச் சொட்ட இளவரசு. "கூப்டுட்டே இருக்கறேன், காதுல உழல? எங்க புள்ள?"

"மிதிக்காத மாமா!" கம்பளத்தின்மேல் படாமல், ஓரத்துத் தரையில் கைகளை ஊன்றிக் குறுக்கே கவிழ்ந்தாள். "மிதிக்காத... மிதிக்காத..."

எட்டு. கடுகளவு.

கறுப்புச் சதுரத்திலிருந்து இரண்டு கைகள் வந்தன. வளையல் போட்ட கைகள். சேரனை வாரித் தூக்கின.

அழுகை நின்றது.

யாரோ ஒரு பெண் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெல்ல முதுகில் தட்டியபடி, உள்ளே திரும்பி நடந்தாள். அவள் தோளுக்கு மேலே பிள்ளையின் முகம் தெரிந்தது. வெண்மதியைப் பார்த்தான். யாரோ வேற்றாளைப் பார்க்கிறவன் போல மிரண்டு, அந்தப் பெண்ணின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.