ஆறு மணிக்கு மேல் கொச்சி

போடிமெட்டில் அன்று பனி அப்படியொரு பனி... எதிரே நிற்பவர் தெரிந்தவரா தெரியாதவரா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பனியில்தான் முருகேஸ்வரியின் கையிலிருந்த தாள் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்து, டீக்கடை ஓரம் நின்றிருந்த வேனின் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

அவள் ஓடுவதற்குள் வேனுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்தது. கையைத் தொடர்ந்து ஒரு முகமும் வெளியே வந்தது. வந்த முகம் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அது படிக்க ஆரம்பித்தது.

"அண்ணே, அது எங்க பேப்பரு. குடுங்க."

"இருங்க, இருங்க... கொச்சி, மூணு நாள். காலைல மட்டாஞ்சேரி, சீன வலை. சாயங்காலம் அஞ்சரை, ரூமுக்குத் திரும்புதல். ஆறு மணி, கதவு அடைப்பு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க, இது டூருங்களா, ஜெயிலுங்களா?"

"குடுங்கன்னு சொன்னேன்."

"சாப்பாட்டுப் பக்கம் அதுக்கும் மேலங்க. மொத நாள் புளிச்சோறு. ரெண்டாம் நாள் சப்பாத்தி, தக்காளித் தொக்கு. மூணாம் நாள் அவல். கொச்சிக்குப் போயி அவலுங்களா..."

சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. கண்ணோரம் சுருங்கி, தன்னை மறந்து வருகிற சிரிப்பு. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கும் தொற்றியிருக்கும். அன்று தொற்றவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். முகம் சூடாகிவிட்டது... அந்தக் குளிரிலும்.

அவள் கோபத்தில் பாதி அவன் மேல், பாதி காலையிலிருந்து நடந்த எல்லாவற்றின் மேலும். எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் பாக்கெட் கட்டும் பிரிவில் அவளோடு வேலை செய்யும் பத்துப் பெண்களும், அவள் அம்மா அழகுத்தாயும் கிறிஸ்துமஸ் லீவில் கொச்சி பார்க்கப் போவதாக ஏற்பாடு. டிகிரி முடித்தவள் என்பதால் பிளான் போடும் பொறுப்பு அவள் தலையில். பேசி வைத்திருந்த போடி வேன்காரர், சீசன் கூட்டம் என்று காலையில் கையை விரித்துவிட்டார். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

பாக்கெட் பிரிவிலிருந்து கூட வந்த கத்தரீனாள் அக்காவுக்கு ரோஷமெல்லாம் கிடையாது. அவள் பார்த்தது வேனை.

"தம்பி, இது எத்தன சீட்டு?"

"பதினேழுங்க்கா. போடில ஒரு கல்யாணக் கூட்டத்த எறக்கிட்டு மூணாறு போறனுங்க. சொந்த ஊர் கொல்லங்கோடு. பேரு ஜெகன்."

"இருவத்தாறாந்தேதி சும்மா இருக்கியா?"

"இருந்தா மட்டும் அவங்க என்ற வண்டில ஏறுவாங்களா?" என்றான், முருகேஸ்வரியின் முதுகைப் பார்த்து.

"அதெல்லாம் ஏறுவா. நம்பரச் சொல்லு."

*

மறுநாளே போனில் வந்து விழுந்தது அவன் போட்ட பிளான். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அது தொடங்கியது. ஆறரைக்குக் கடற்கரை நடை, ஏழுக்கு மைதானத்தின் பெரிய மழைமரத்தில் கிறிஸ்துமஸ் விளக்கு, எட்டுக்குப் படகுத்துறைப் பக்கம் மீன் வறுவலும் அப்பமும். கீழே அவன் பேசி அனுப்பிய குரல் பதிவு.

"ஆறு மணிக்கு மேலதானுங்க கொச்சியே கண்ணு முழிக்கும். பகல்ல பாத்துட்டு வந்தா தூங்கற ஊரப் பாத்த மாதிரிங்க."

அவள் பதில் அனுப்பினாள். "எங்களுக்கு ஆறு மணிக்கு மேல ஊரே கெடையாது. நான் போட்டதுதான் பிளான்."

"அப்படி என்னங்க ஆறு மணி மேல கோபம்? ஆறு மணி உங்கள என்ன பண்ணுச்சு?"

விளையாட்டாகக் கேட்டதுதான். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஆறு மணி என்ன செய்தது... அந்தப் பக்கத்து எஸ்டேட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறானால் ஆனை இறங்கும். ஆடு மாட்டைக் கட்டி, பிள்ளைகளை உள்ளே இழுத்து, லயத்து வீட்டுக் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். கல்யாணமே ஆனாலும் ஐந்தரைக்குப் பந்தியை முடித்துவிடுவார்கள். முருகேஸ்வரிக்கு அதற்கு மேலும் ஒரு கணக்கு இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர். "பூப்பாறை பரோட்டா தின்னு எம்புட்டு நாளாச்சுப்பா" என்று அவள்தான் வாய்விட்டுச் சொன்னாள். அப்பா பெரியமுத்து சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார். திரும்பும்போது ஆறே முக்கால். ஏலக்காட்டு வளைவில் ஆனை நின்றிருக்கிறது. மறுநாள் காலையில் கொண்டுவந்தார்கள்... அவரையும், பிரிக்காத பார்சலையும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கடைச் சாப்பாடு நுழைந்ததில்லை. அவளும் அம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. இந்தக் கொச்சிப் பயணமே அம்மாவுக்காகத்தான். அம்மா கடலைப் பார்த்ததில்லை. ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும்... ஆனால் ஐந்தரைக்குள் காட்டிவிட வேண்டும். கொச்சியில் ஆனை வராது என்று முருகேஸ்வரிக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா?

"வேற வண்டி பாத்துக்குவோம் அக்கா," என்றாள் கத்தரீனாளிடம்.

கத்தரீனாள் வேறு வண்டி பார்க்கவில்லை. அவனுக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாள் என்பது அடுத்த நாள் வந்த மூன்றாவது பிளானைப் பார்த்ததும் முருகேஸ்வரிக்குப் புரிந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரை அது அவளுடைய பிளான். ஐந்தரைக்கு ரூம். ஆறு மணிக்குக் கதவு அடைப்பு. ரூம் மட்டும் மாறியிருந்தது. மைதானத்துக்கு எதிரே, மாடியில். சாப்பாட்டுப் பக்கத்தைக் காலியாக விட்டு, "இது உங்க இஷ்டமுங்க" என்று எழுதியிருந்தான்.

மன்னிப்பு இல்லை. அனுதாபமும் இல்லை. ஐந்து வருஷமாக எல்லோரும் கொடுத்த அனுதாபத்தில் மூச்சு முட்டிக்கிடந்தவளுக்கு அந்தக் காலி இடம் என்னவோ செய்தது.

*

கொச்சியில் வெயிலும் வேர்வையுமாக இருந்தது. டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் நடப்பதே பெண்களுக்குப் பாதி டூர். மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மணக்கிற தெருவில் நடந்தார்கள். "நம்ம ஏலக்காய இங்ஙன வந்துல்லா விக்கான்" என்று அழகுத்தாய் ஒரு கடை வாசலில் நின்று வாசம் பிடித்தாள். பழைய சர்ச் பார்த்தார்கள். படகில் ஏறி அக்கரை போய், இறங்காமலே திரும்பி வந்தார்கள். சீன வலை தண்ணீரிலிருந்து எழும்பும்போதெல்லாம் கத்தரீனாள் உள்ளே எத்தனை மீன் என்று எட்டிப் பார்த்தாள்.

கடலைப் பார்த்ததும் அழகுத்தாய் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெகுநேரம் நின்றாள். பிறகு, "மேடும் பள்ளமும் இல்லாம ஒரு எடம் கெடக்கு பாரு..." என்றாள், மலையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

ஜெகன் கூடவே நடந்தான். குடையைத் தூக்கினான், தண்ணீர் பாட்டில் சுமந்தான், போட்டோ எடுத்தான். எல்லோருக்கும் அவன் "தம்பி", "அண்ணே". முருகேஸ்வரி மட்டும் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. போடிமெட்டில் தாராளமாக வந்த "அண்ணே" இப்போது ஏனோ நாக்குக்கு வரவில்லை. இருமினாள். இல்லையென்றால் வளையலைக் குலுக்கினாள். அவன் திரும்பிப் பார்த்தான்... ஒவ்வொரு தடவையும்.

கடலோர மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தபோது அவன் தள்ளிப் போனான். சொன்னபடி ஐந்தரைக்கு ரூமில் கொண்டுவந்து விட்டான். ஆறுக்கு அவள் கதவைத் தாழ்போட்டாள். ஆறரைக்கு ஜன்னல் பக்கம் கத்தரீனாள் கூவினாள்.

எதிர் மைதானத்து மழைமரம் கிளை கிளையாக எரிந்துகொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக... இலை ஒன்றுகூட விடாமல். கீழே எள் போட்டால் எள் விழாத கூட்டம். பன்னிரண்டு பெண்களும் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டார்கள். ரூம் ஏன் மாறியது என்று அப்போதுதான் முருகேஸ்வரிக்கு விளங்கியது. அவளை ஆறு மணிக்கு மேல் வெளியே இழுக்க முடியாது. அதனால் ஆறு மணிக்கு மேல் இருக்கிற ஊரை அவள் ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

கீழே பார்த்தாள். வேனில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஜெகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடமும் வலமும் சாப்பாட்டுக்கடை. கல்லில் மீன் பொரிகிற வாசனை மாடி வரைக்கும் வருகிறது. அவன் மடியில் வாழையிலைப் பொட்டலம். தயிர்ச்சோறு. ஊரிலிருந்து கட்டி எடுத்துவந்தது.

அவள் கண்ணில் சட்டென்று நீர் கோத்துக்கொண்டது. எனக்கு இவனைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். நினைத்த உடனே பயந்தாள். நான் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமே... யாரோ ஒருவர் திரும்பி வரமாட்டார்.

மறுநாள் முழுவதும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

*

இரண்டாம் நாள் ஐந்தரை. எல்லோரும் ரூமில். அழகுத்தாய் முகம் கழுவி, பொட்டு வைத்து, செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா போற?"

"கீழ. பரோட்டா திங்க."

முருகேஸ்வரி கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "அம்மா..."

"ஏட்டி, இங்க உக்காரு." அழகுத்தாய் கட்டிலைத் தட்டினாள். "அன்னைக்கு நீ கேட்டேன்னா உங்கப்பா போனாரு? நீ சொல்லுததுக்கு முந்தியே சட்டைய மாட்டிட்டு நின்னாரு மனுசன். வாரா வாரம் பரோட்டா திங்காம அவருக்கு ஒறக்கம் வராது. என்கிட்ட ஏச்சு வாங்காம போறதுக்கு ஒரு சாக்கு வேணும்லா. அதுக்கு நீ வாய்ச்ச."

"இத ஏம்மா இத்தன வருசமா சொல்லல?"

"நீ பரோட்டான்ற வார்த்தையவே கேக்க மாட்டேன்னு இருந்த. நான் அந்தப் பேச்ச எடுத்தா ஒனக்கு வலிக்கும்னு இருந்தேன்." அழகுத்தாயின் குரல் உடைந்தது. "நீ ஒத்தையில இதச் சுமந்துட்டுத் திரியுதன்னு நேத்துதான் கத்தரீனாள் சொன்னா. அந்தத் தம்பிகிட்டச் சொன்னாளாம். பெத்தவகிட்ட நேத்துவர சொல்லல பாரு."

அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுததில் கத்தரீனாளும் சேர்ந்துகொண்டாள். ஐந்து வருஷத்து அழுகை. முடிகிறபோது மணி ஆறே கால்.

தாழ்ப்பாளில் கை வைத்தாள் முருகேஸ்வரி. இழுத்துத் திறந்தாள். படிக்கட்டின் அடியில் ஜெகன் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். வாட்சைப் பார்த்தான். அவள் இறங்கும் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, வண்டிகள் போகிற பக்கமாக நடந்து வந்தான்.

பரோட்டா சூடாக வந்தது. முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதில், "பூப்பாறைக் கடை அளவுக்கு இல்ல" என்று அழகுத்தாய் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முருகேஸ்வரியும்தான்.

சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் மரத்தடியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் நிறம் மாறி மாறி விழுந்தது. அவன் ஒரு கை தூரத்தில் நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"ம்..."

"போடிமெட்டுல 'அண்ணே'ன்னு கூப்டீங்க. அப்பறம் கூப்டவே இல்லீங்க. கோபமுங்களா... இல்ல, நான் நெனைக்கிற மாதிரிங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க என்ன நெனைக்கிறீக?"

"அந்தப் பேப்பரு வந்து என்ற கண்ணாடில ஒட்டுன நாள்லருந்து உங்களத்தானுங்க நெனைக்கிறேன்."

மைதானத்தில் யாரோ பாட்டை உரக்க வைத்தார்கள். அது ஓயட்டும் என்று அவள் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கொல்லங்கோட்ல ஆனை உண்டா?"

அவன் முகம் வாடியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எங்கே போய் விசாரிக்கப் போகிறாள்...

"உண்டுங்க. மாங்கா சீசன்ல மலையடிவாரத்துத் தோப்புக்கு எறங்குமுங்க. எங்கூட்டுலருந்து ஒரு கிலோமீட்டரு. இல்லைன்னு சொல்லோணும்னுதான் ஆசை. உங்ககிட்டப் பொய் வர மாட்டீங்குது."

அவள் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள். முதல்முறையாக, ஒளிக்காமல், முழுசாக. இருட்டிய பிறகு வெளியே நிற்கிறோம் என்பதே அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

"அப்ப... சாயங்காலம் வண்டிய நிப்பாட்டிட்டு, ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துருவீகளா?"

ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்தக் கேள்வி விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அந்தச் சிரிப்பு வந்தது... கண்ணோரம் சுருங்கி, தன்னை மறந்து.

"அஞ்சரைக்கே வந்துருவனுங்க," என்றான். "ஆறு மணிக்குக் கதவ நீங்களே அடைங்க."